நூற்றிருபது மீட்டர் மலை

ஜீவராணி எதனையும் அதன் கூட்டாளிகளை வைத்தே அடையாளம் காண்பவள். கொடகவெல பஸ்ஸில் ஏறினால், குடையும் சோற்றுப் பையுமாக முன்னிருக்கைகளில் அமர்ந்திருப்போர் ஆசிரியைகள் என்றும், மிதிபலகையில் தொங்குவோர் வேறொரு சமுதாயம் என்றும் மனத்துக்குள் வகுத்துக்கொள்வாள். கலியாணப் பந்தியையும் அவள் விட்டுவைத்ததில்லை. பாயச வாளி நிற்கும் இடத்தில் பெரியப்பா கட்டாயம் நிற்பார், ஆகையால் அவர் அவ்விடத்துக்குரிய சிறப்பினம் என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். பெரியப்பா மூன்று மாதம் அவளோடு பேசவில்லை.

இந்தப் பழக்கத்துக்குத்தான் அவளுக்குச் சம்பளமும் கிடைத்தது. தேயிலைத் தோட்டங்களில் புதிதாகக் கன்று நடுவதற்கு முன்னர், அங்குள்ள இயற்கைத் தாவரச் சமுதாயங்களை வகைப்படுத்த வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு தாள் உண்டு. நிலம் எத்தகைய வாழிடம், எவ்வளவு உயரத்தில் உள்ளது, எந்தெந்தச் செடிகள் அங்கே தவறாமல் சேர்ந்து வளர்கின்றன என்று அவள் எழுதுவாள். அவற்றை வைத்து, இரத்தினபுரி அலுவலகத்தில் அந்நிலத்துக்கு ஒரு வகைப்பெயர் கொடுப்பார்கள். பட்டம் பெற்றும் இரண்டாண்டுகளாக அவள் தற்காலிக உதவியாளர்தான். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு அடுத்த மாதம் நடக்க இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில், தான் பிறந்த லயத்தில், வரிசை வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறிக்கப் புறப்பட்ட வெள்ளையம்மா கூடையோடு வந்து நின்றாள்.

"என்னா புள்ள, எங்க பள்ளத்த நீங்க மலையாக்கிட்டீங்களாமே? இனிமே தண்ணிக்குக் கீழ எறங்க வேணாம், மேல ஏறணும் போல."

ஜீவராணிக்கு விளங்கவில்லை. வெள்ளையம்மா விளக்கினாள். பதினோராம் நம்பர் துண்டின் அடிப்பள்ளத்தில், தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை முளைக்குச்சி அடித்துவிட்டாராம். கான் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டுத் தேயிலை நடப்போகிறார்களாம். கேட்டதற்கு, இது மலைப்புதர், சதுப்பு அல்ல என்று சிங்களத்தில் அச்சடித்த தாளொன்றை வாசித்துக் காட்டினாராம். அடியில் ஜீவராணியின் பெயர் இருந்ததாம்.

"படிச்ச புள்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நானும் அண்ணாந்து பாத்தேன். கழுத்து வலிச்சதுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா நடந்தாள்.

அந்தப் பள்ளத்து ஊற்றிலிருந்துதான் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. இருபத்திரண்டு வீடுகள் அதையே குடிக்கின்றன. அவற்றுள் ஒன்று ஜீவராணியின் வீடு. சதுப்பு என்று பதிவானால் எவரும் அதில் மண்வெட்டி வைக்க முடியாது. தாழையும் கோரையும் வல்லாரையும் சேர்ந்து வளரும் அவ்விடத்தைச் சதுப்பு என்று சொல்லப் பட்டம்கூட வேண்டியதில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இரத்தினபுரிக்குச் சென்றாள். அவள் தமிழில் எழுதும் தாள்களைச் சிங்களத்தில் கணினியில் பதிபவர் மஹ்ரூப். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் அவளுக்கு அவர் 'நானா'. பிறந்ததிலிருந்து நகரத்திலேயே இருப்பவர். தோட்டத்துக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அவர் அவள் அனுப்பிய தாள்கட்டைப் பிரித்து, குறித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வாழிடம் என்ற கட்டத்தில், அவளுடைய அழகான கையெழுத்தில், 'பதினோராம் நம்பர் மலை' என்றிருந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தேயிலை நிற்கும் நிலமெல்லாம் மலைதான். அது மேடானாலும் பள்ளமானாலும், காலையில் வேலைக்குப் போவது மலைக்குத்தான். பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் படித்தும், எழுதுகோலை எடுத்ததும் அந்தச் சொல்லே முந்திக்கொண்டது. மஹ்ரூப் அதனை 'கந்த' என்று சிங்களத்தில் பெயர்த்திருந்தார். மலை என்றால் மலை. அவரும் தமிழர் பேசும் மொழியைத்தானே பேசுகிறார்.

"அப்ப உயரத்தையாவது பாத்திருக்கலாமே, நானா? நூத்தியிருபது மீட்டர்னு எழுதியிருக்கேனே" என்றாள்.

மஹ்ரூப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நூத்தியிருவது மீட்டர்ல ஏது மலை? தங்கச்சி அவசரத்தில ஒரு பூச்சியத்த விட்டுட்டீங்க எண்டு நானே போட்டுட்டேன்."

ஒரு தாளில் மட்டுமன்று. அந்தக் கட்டிலிருந்த நாற்பத்தொரு தாள்களுக்கும் ஆளுக்கொரு பூச்சியம் அருளியிருந்தார். வாழிடமும் உயரமும் ஒத்துப்போனதால், செடிகளின் பெயர்களைக் கணினி பொருட்படுத்தவே இல்லை. ஆயிரத்திருநூறு மீட்டர் உயரத்தில் தாழை வளர்வதைக் கண்டு அவருக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்ததாம். உங்கள் தோட்டம் நல்ல தோட்டம்போல என்று நினைத்துக்கொண்டாராம்.

ஜீவராணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த ஒரு தாளை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டாள். மஹ்ரூப் தலையசைத்தார். அவளுடைய வீட்டுப் பீலிக்காகச் செய்த திருத்தம் என்றே மேலிடத்தில் கருதுவார்கள், தோட்டத்து நிருவாகமும் அதைச் சும்மா விடாது என்றார். கட்டு முழுவதையும் திரும்பப் பெற்றால் அது நேர்மையான பிழை என்று எவருக்கும் விளங்கும். ஆனால் நாற்பத்தொரு தாள்களும் பிழையென்று அவளே எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கடிதம் நேர்முகத் தேர்வுக் கோப்பிலும் சேரும்.

"உங்க பூச்சியமும் வெளிய வந்துருமே, நானா."

"எனக்குப் பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம்தான். ஒரு பூச்சியத்தால அது குறையாது. நீங்க உங்களப் பாருங்க."

ஜீவராணி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்பதாம் நம்பர் மலை, பத்தாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை. பதினோராம் தாளில் தாழை, கோரை, வல்லாரை என்று எழுதிய வரிக்குப் பின் இன்னும் இடம் இருந்தது. அவ்விடத்தில் தவறாமல் காணப்படும் வேறோர் இனமும் அவள் நினைவுக்கு வந்தது. அது கூடையோடு நின்று, கழுத்து வலிப்பதாகச் சொன்னது.

அவள் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி நேராக்கினாள்.

"நாப்பத்தொண்ணையும் எடுத்துக்கிறேன், நானா. கடிதத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் குடுங்க."