அறுபத்திரண்டு சொட்டு

அண்ணி பஸ் கண்டக்டர். இருபது வருடமாகத் தலைகளை எண்ணிப் பழகிய கண். அந்தக் கண்ணை நம்பித்தான் நாத்தனார்க்காரி அவளை ஆய்வகத்துக்கே இழுத்து வந்திருந்தாள்.

நாத்தனார் நான்கு வருடம் மாய்ந்து மாய்ந்து செய்த புது சோப்புப் பொருள் அது. தண்ணீரில் கலந்தால் மூலக்கூறுகள் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். குழாயிலிருந்து சொட்டவிட்டால் சொட்டு சிறுத்து, அதே அளவுக்கு எண்ணிக்கை கூடும். மேலே இடம் நிரம்பியதும் மிச்சமெல்லாம் உள்ளேயே கும்பல் கும்பலாகச் சேரும். அந்தக் கும்பல்தான் மைசெல். அதற்குமேல் எவ்வளவு கொட்டினாலும் எண்ணிக்கை அசையாது.

"உன் சரக்கு மைசெல் ஆகவே ஆகாதும்மா" என்று அடித்துச் சொன்னார் பேராசிரியர். அவள் எண்ணிக் காட்டியதையும் நம்பவில்லை. "ஆசைப்படுற கண்ணு அப்படித்தான் எண்ணும். விடை தெரியாத ஆளைக் கூட்டிட்டு வா. இன்னைக்கும் எண்ணிக்கை நிக்கலேன்னா வேற தலைப்பு பாரு."

நான்கு வருடமும் அம்போ! அண்ணிக்கு விடை தெரியக் கூடாதே, அதனால் அவளிடம், "என் படிப்பே இதுலதான் இருக்கு, எண்ணுங்க" என்பதோடு வாயை மூடிக்கொண்டாள்.

வரிசையாக ஆறு குடுவைக் கரைசல், ஒன்றைவிட ஒன்று கெட்டி. ஒவ்வொன்றிலிருந்தும் கண்ணாடிக் குழாயில் இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள அளவுதான் சொட்ட வேண்டும்.

"நாப்பத்தொண்ணு!" என்றாள் அண்ணி. அப்புறம் நாற்பத்தொன்பது. ஐம்பத்தாறு. நான்காவதில் அறுபத்திரண்டு.

"ஏறுதுடி, ஏறுது! அடுத்தது எழுபதுதான் பாரு!"

நாத்தனார் அவசரமாகக் குழாயைக் கழுவி அடுத்ததை ஊற்றினாள். ஐந்தாவது குடுவை. அண்ணியின் குரல் இறங்கியது. "அறுபத்திரண்டு."

"ஒண்ணு தற்செயலா இருக்கலாம்" என்றார் பேராசிரியர், ஆனால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆறாவது. கடைசிச் சொட்டு விழுந்தது. அண்ணி நிமிரவே இல்லை.

"மன்னிச்சிடும்மா. கண்ணு வலிக்க எண்ணிட்டேன். அதே அறுபத்திரண்டுதான். ஏறவே மாட்டேங்குது."

"நின்னுடுச்சு! நின்னுடுச்சு அண்ணி!" நாத்தனார் துள்ளிக் குதித்தாள். பேராசிரியர் மேசையைத் தட்டி, "அட, மைசெல்தான்! நான் தோத்தேன்!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நின்னா நல்லதா? அடிப்பாவி! உனக்காக எழுபதுன்னு சொல்லிடலாம்னு தொண்டை வரைக்கும் வந்துச்சுடி!"

"ஐயோ, எழுபதா!" என்று நாத்தனார் அண்ணியின் மடியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.