முப்பது கிலோ இளைத்த கார்

தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை யோகேஸ்வரனுக்கு ஞானம் கைபேசி வழியாக வந்தது. வெளிநாட்டில் காரின் சீட்டையும் கதவின் உள்பலகையையும் இளைக்க வைத்துப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார்களாம். முப்பது கிலோ குறைத்தால் வண்டி பறக்கும் என்று வீடியோவில் ஒரு தாடிக்காரன் சொன்னான். தாடி வைத்தவன் பொய்யா சொல்லுவான்?

பெட்ரோல் தட்டுப்பாட்டில், வண்டிக்கு வாரம் இவ்வளவுதான் என்று கியூஆர் வந்த வருஷம் அது. அந்த வாரப் பங்கில் பாதியை ஜன்னலை இறக்கிவிட்டுத் தோட்டத்து ரோட்டில் பவனி வந்தே தீர்த்திருந்தார் மனிதர். மிச்சத்தில் வட்டகொடை ஸ்டேஷனுக்கு ஒரு தடவை போய் வரலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்களைக் கூட்டி வரவும் வேண்டும், சாயங்கால ரயிலுக்குக் கொண்டுபோய் விடவும் வேண்டும். மகள் லோஜினியும் சுமனும் ஒன்றாக ஆசிரியர் பயிற்சி எடுத்தவர்கள், மூன்று வருஷமாக மனம் மாறாதவர்கள். சுமனின் அம்மா பூரணி சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. நடந்தே வரட்டுமே என்றாள் லோஜினி. கார் வைத்திருக்கிறவன் சம்பந்தியை நடக்க விடுவதா? மானம் என்னாவது?

சனிக்கிழமை மத்தியானம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திப் பிரித்தார். கழற்றியதையெல்லாம் கொழுந்துச் சாக்கில் போட்டுத் தராசில் மாட்டினார். தூக்கிக் கொடுக்க, மடுவத்தைக் கூட்டிப் பெருக்க வந்த கொழுந்துக்காரி மீனம்மா அகப்பட்டாள்.

அந்தத் தராசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் முள் பத்து வருஷமாக இரண்டு கிலோ பின்னால்தான் நிற்கிறது. அப்படி நிற்கச் சொன்னவர் யோகேஸ்வரன்தான். சொன்னதை அவரே மறந்தும் போனார். அது போதாதென்று சாக்குக்கு இரண்டு கிலோ வேறு கழிப்பார், கழித்தது காசாகி அவர் பைக்குப் போகும். மலையில் பதினெட்டுக் கிலோ பறித்தவள் மடுவத்தில் பதினாலு கிலோக்காரியாகி, அரை நாள் பேரோடு, அதாவது அரைச் சம்பளத்தோடு, லயத்து வீட்டுக்குப் போவாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

முதலில் மாற்றுச் சக்கரம். முள் பத்தில் நின்றது.

"சாக்குக்கு ரெண்டு," என்றார் பழக்க தோஷத்தில். தூணில் சோக்கால் எட்டு என்று எழுதினார்.

"சாக்கு அரைக்கிலோதாங்கய்யா இருக்கும்," என்றாள் மீனம்மா.

அவளுக்கு என்ன தெரியும்? ஜாக்கி ஒரு கிலோ. தரை விரிப்பு ஒரு கிலோ. கதவுப் பலகை நான்கும் சேர்ந்து பூச்சியம். அதற்கும் மனிதருக்குச் சந்தேகம் வரவில்லை. எவ்வளவு லேசாகச் செய்திருக்கிறான் என்று கார் செய்தவனை மெச்சினார். தான் உட்கார்ந்து ஓட்டுகிற சீட்டை விட்டு, மற்ற முன் சீட்டு பத்து. கூட்டினால் இருபதுதான் வந்தது. இன்னும் பத்துக்கு எங்கே போவது? கழற்ற மிச்சமிருந்தது பின் சீட்டு. அதுவும் இறங்கியது, சரியாகப் பத்துக் கிலோ. முப்பது ஆன சந்தோஷத்தில் அவருக்கு இரவு நல்ல தூக்கம்.

ஞாயிறு காலை பூரணி ஸ்டேஷனில் இறங்கி, "சம்பந்தி, சீட்டு எங்கங்க?" என்று கேட்டார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற புது முறை என்று யோகேஸ்வரன் விளக்கினார். நல்ல பட்டுச் சேலையோடு அந்த அம்மா மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்தார். புதுச் சட்டைக்கார சுமன் வெறுந்தகரத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு பேரும் கூரையைத் தொட்டு வந்தார்கள். மடுவத்துக்குக் கீழ் வளைவில் டயர் வெடித்தது. மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் வீடியோ புண்ணியத்தில் மடுவத்தில் பத்திரமாக இருந்தன.

எடுத்து வரச் சுமன் ஏறினான். பின்னாலேயே பூரணியும் யோகேஸ்வரனும் ஏறினார்கள். தூணில் எழுதியிருந்ததைப் பூரணி நின்று வாசித்தார். ஜாக்கிச் சாக்கை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். பின் சீட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். யோகேஸ்வரனுக்கு அப்போதுதான் தராசு முள் ஞாபகம் வந்தது.

"இது ஒரு கிலோவாங்க, கணக்கப்புள்ள ஐயா?" என்றார் பூரணி. சம்பந்தி என்ற சொல் எங்கேயோ போய்விட்டது. "நல்லதண்ணித் தோட்டத்துப் பக்கம் முப்பது வருஷம் கொழுந்து சொமந்தவ நான். என் கைக்கு அஞ்சு கிலோன்னு தெரியுது."

வீட்டில் பூரணி வயிறாரச் சாப்பிட்டார். லோஜினியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா தராச சரி பண்ணுங்க. அப்புறம் தேதி வைப்போம். நிறுவையில திருடுற வீட்டுல நான் கை நனைக்கிறது இதுதான் கடைசி."

லோஜினி அப்பாவைப் பார்த்தாள். தான் படித்ததும் அந்தத் தராசுக் காசில்தானா என்று கேட்கிற பார்வை. அவரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. சாயங்காலம் அம்மாவும் மகனும் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்கள். மிச்சம் பிடித்த பெட்ரோல் டாங்கியில் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை, முள் பூச்சியத்தில் நின்றது. மீனம்மா சாக்கை மாட்டினாள். இருபது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கணக்கப்பிள்ளையின் வாயையே பார்த்தார்கள். நாக்கு நுனிவரை வந்ததை யோகேஸ்வரன் விழுங்கினார்.

"இருபது," என்றார்.

"அரைக்கிலோ கழிங்கய்யா," என்றாள் மீனம்மா. "சாக்கு அவ்ளோ இருக்குதுங்க."