லேபிளில் வந்த டாலர்

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதுக் கம்ப்யூட்டரை வைத்த முதல் காலையிலேயே லேபிள்கள் கோணிக்கொண்டன. பெயர், எண், வார்டு என்று மூன்று வரியாக வர வேண்டியது ஒரே வரியாக நீண்டு வந்தது. ஒட்டுத்தாளின் அகலத்துக்குள் பெயர் மட்டும் நின்றது. மற்றதெல்லாம் விளிம்பு தாண்டிக் காணாமல் போயிருந்தது.

"பிரிண்டரை அணைச்சுப் போடுங்க," என்றார் மேதை. கணினிப் பிரிவின் தலைவருக்கு ஊழியர்கள் கேலியாக வைத்த பட்டம் அது. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார். லேபிளை எப்படி அச்சடிப்பது என்று கணினிக்கு வரி வரியாகச் சொல்லும் ஸ்கிரிப்ட் அவருடைய கைவண்ணம்.

"மூணு தடவை போட்டாச்சு சார்," என்றாள் பரிசோதகி. "குழந்தைங்க வார்டுலேர்ந்து முப்பத்தெட்டு குழாய் எண் சீட்டோட வந்து நிக்குது. ஒன்பது மணிக்கு எடுத்த ரத்தம். பதினொண்ணுக்குள்ள மெஷின்ல போகலேன்னா கொட்டிட்டு, பிள்ளைங்களை மறுபடி குத்தணும். கையால எழுதி ஒட்டிடவா?"

கையெழுத்து லேபிள் கூடவே கூடாது என்று போன மாதம் சுற்றறிக்கை விட்டவரும் மேதைதான். அவர் கூரையைப் பார்த்தார்.

அவருக்குக் கீழே வேலை செய்யும் புரோகிராமர், வீணாய்ப்போன லேபிள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். பெயரின் வாலில் ஒரு டாலர் குறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அடுத்து ஒரு சாய்கோடு.

"இந்த டாலர் எங்கேர்ந்து வந்துச்சு அக்கா?"

"என்னைக் கேட்டா? ஊசி போடறதுக்கு வெளிநாட்டுக் காசுல வசூல் பண்றாங்களோ என்னமோ."

"என் லேப்டாப்ல அழகா ஓடுது பாருங்க," என்று மேதை ஓட்டிக் காட்டினார். உண்மையிலேயே அழகாகத்தான் ஓடியது. அதுதான் புரோகிராமரைக் குடைந்தது. அதே ஸ்கிரிப்ட், அதே எழுத்துகள். அங்கே வரி மடங்குகிறது, இங்கே டாலர் முளைக்கிறது.

உள்ளே பார்த்தாள். 'அடுத்த வரிக்குப் போ' என்று சொல்ல மேதை ஒரு சுருக்கெழுத்தைப் பயன்படுத்தியிருந்தார்: டாலர், மேற்கோள் குறி, அதற்குள் சாய்கோடும் ஓர் எழுத்தும். ஸ்கிரிப்டின் தலையில், இதை 'எஸ்எச்' என்பவர் படிக்கட்டும் என்று இருந்தது. எஸ்எச் என்று கூப்பிட்டால் உன் வீட்டில் யார் வருகிறார் என்று இரண்டு இயந்திரங்களையும் கேட்டுப் பார்த்தாள். கட்டளைகளைப் படித்து நடத்தி வைக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர்; லேப்டாப்பில் வந்தது சகல வித்தையும் தெரிந்த பெரிய ஷெல். புது இயந்திரத்தில் வந்தது சின்ன, வேகமான ஷெல். அதற்கு அந்தச் சுருக்கெழுத்து தெரியாது. டாலரையும் சாய்கோட்டையும் பவ்யமாக அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டது.

"ரெண்டு மெஷின்லயும் பேர் ஒண்ணு, ஆள் வேற சார்."

"அப்போ புது மெஷின் கோளாறு. திருப்பி அனுப்பிடலாம்."

"அது ஒழுங்காத்தான் படிச்சிருக்கு. நாமதான் அதுக்குத் தெரியாத பாஷையில எழுதிட்டோம்."

அந்த 'நாம'வில் இருந்த பெருந்தன்மை மேதையின் காதில் ஏறவில்லை.

"மேற்கோளுக்கு உள்ளேயே சும்மா என்டர் தட்டினா போதும் சார்," என்றாள் அவள். "எந்த ஷெல்லா இருந்தாலும் புரிஞ்சுக்கும்."

"என்டரா! ஸ்கிரிப்ட்ல வரி பாதியில ஒடிஞ்சு தொங்கும். நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் பார்க்க மாட்டாங்க சார், முப்பத்தெட்டு பேர் அழுவாங்க," என்றாள் பரிசோதகி.

மணி பத்து இருபத்தைந்து. மேதை லேப்டாப்பை மூடினார், திறந்தார். "தட்டித் தொலை," என்றார்.

புரோகிராமர் இரண்டு இடத்தில் தட்டினாள். பிரிண்டர் கரகரத்து, மூன்று வரி லேபிளை நீட்டியது.

பரிசோதகி குழாய்த் தட்டைத் தூக்கி மேதையின் கையில் கொடுத்தாள். "சும்மாதானே நிக்கிறீங்க, பிடிங்க."

பிடித்தார். பரிசோதகி பாதி ஒட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. "இதோ பாருங்க, ஒரே பேர் ரெண்டு தடவை வருது! தப்பு அப்படியேதான் இருக்கு."

"ரெண்டும் வேற வேற பிள்ளைங்க சார். கீழே எண்ணைப் பாருங்க. இந்தப் பொண்ணுக்கு ரத்தம் எடுக்க நாலு தடவை குத்தினோம்."

மேதை எண்ணைப் பார்த்தார். பிறகு தட்டை இன்னொரு கையாலும் தாங்கிக்கொண்டார்.

"ஆடாம பிடிங்க சார்," என்றாள் பரிசோதகி.