ரூமுக்கு நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மாரிசெல்விக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மற்ற நாளெல்லாம் திருத்தங்கல் அச்சாபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடுகிற வேலை. மயிலைக் கொஞ்சம் பெருசாக்கு, எழுத்தை இன்னும் மஞ்சளாக்கு, குழந்தை முகத்தில் சிரிப்பு பத்தலை என்று ஆர்டர் கொடுத்தவர்கள் போனில் சொல்லச் சொல்ல, இவள் மவுஸை உருட்டிக்கொண்டே இருப்பாள். ஞாயிறு விடிந்ததோ இல்லையோ, தோளில் ஒரு பை, பைக்குள் வரைகிற நோட்டு, நேரே மதுரை பஸ். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுல்ல பெறந்திருக்கா" என்பாள் அக்கா பாண்டிச்செல்வி. அதில் பாதி எரிச்சல், பாதி பெருமை.

மதுரைக்குப் போயாவது ஓரிடத்தில் நின்றாளா என்றால், அதுவும் கிடையாது. காலையில் ஜாஸ்பின் டீச்சரோடு படம் வரைகிற கூட்டம் யானைமலை அடிவாரத்திலோ தெப்பக்குளத்துப் படியிலோ உட்காரும். இவளும் உட்காருவாள், மலை பாதி வருவதற்குள் எழுந்துவிடுவாள். மத்தியானம் எங்காவது ஓவியக் கண்காட்சி. சாயங்காலம் எங்காவது நாடகம், அதுவும் முடிவதற்குள் ஊர் பஸ்ஸை நினைத்துக் காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். கண்காட்சியில் அடுத்தவர் படத்தின் முன்னால் நின்றால் முதலில் படத்தைப் பார்க்க மாட்டாள், கீழே ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பாள். நம்ம பேரு எப்ப இப்படி ஒட்டும் என்று வயிறு எரியும். எரியட்டுமே, கை நோக வரைகிறவளுக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?

அந்த ஆசை இந்தப் பங்குனியில் பலித்தது. ஜாஸ்பின் டீச்சர் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் ஒரு ஹாலைப் பிடித்து, கூட்டத்தில் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு படம் வைக்கலாம் என்றார். மாரி மலையையும் வரையவில்லை, கோபுரத்தையும் வரையவில்லை. சொந்த ஊரான தாயில்பட்டிப் பக்கம் அக்கா வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிக்கு, புது லேபிளின் மாதிரியைக் காட்ட ஒருமுறை போயிருந்தாள். கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்ணையுமா கழற்றி வாங்கி வைக்க முடியும்? வெடிமருந்து அடைக்கிற ரூமைக் கடக்கும்போது கொஞ்சம் நின்றாள். வெள்ளையடித்த சின்ன ரூம், கதவெல்லாம் திறந்து கிடக்க, உள்ளே நெருக்கியடித்துப் பதினோரு பெண்கள். முழங்கை வரை, மூக்கு நுனி வரை அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளிச் சிலையாட்டம் மினுங்கினார்கள். யாரோ என்னவோ சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் ஆளுயரத் துணியில் வரைந்தாள். அது முடிகிறவரை ஞாயிற்றுக்கிழமைகூட அவள் வீட்டை விட்டு நகரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் அச்சு அசலாக வந்துவிட்டது. முன்வரிசையில், மாரி சித்தி என்று கூப்பிடுகிற குருவம்மாள் வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள், அவள் தோளோரம் பாண்டிச்செல்வி. டீச்சருக்கு ரொம்பப் பிடித்துப்போய் அதையே அழைப்பிதழில் போட்டார். அழைப்பிதழ் போன் போனாகத் தாவித் தாயில்பட்டிக்கே வந்து சேர்ந்தது.

கூடவே வினையும் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அச்சாபீசை விட்டு இறங்கியவளை, அக்கா கம்பெனியின் போர்மேன் சங்கிலிமுத்து பைக்கைக் குறுக்கே போட்டு மறித்தார்.

"நல்லா இருக்கியா தாயி?"

"இருக்கேண்ணே. என்ன, இங்கன நிக்கீக?"

அவர் போனை நீட்டினார். "இது நீ வரைஞ்சதாம்ல? நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு, அதான் வம்பே. ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுன்னு சட்டம். நீ பதினோரு பேர மூக்கும் முழியுமா உக்கார வச்சிருக்க. ஆபீசர் கண்ணுல பட்டா கம்பெனிக்குச் சீல் வச்சிருவாக. அப்புறம் அம்புட்டுப் பேரு வீட்டு அடுப்புலயும் பூனைதான் படுத்துக் கெடக்கும்."

"நீங்க நாலு பேர மட்டும் உக்கார வச்சா என்னண்ணே?"

"அத மொதலாளிகிட்டக் கேளு. நானும் சம்பளத்துக்கு மாரடிக்கிறவன்தான்." குரலைத் தாழ்த்தினார். "போன்ல வந்தது போகட்டும், சுவத்துல ஆளுயரத்துக்கு நிக்கிறத எந்த ஆபீசரும் பாத்துருவாக. ஒண்ணு, படத்தக் கழட்டிரு. இல்லாட்டி ஏழு பேர அழிச்சிரு. ஒங்க அக்காகிட்டச் சொல்லாத. பயந்துரும்."

வீட்டுக்கு வந்தவள் குட்டி போட்ட பூனையாட்டம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். ஏன் என்று அக்கா கேட்டதற்குத் தலைவலி என்றாள். அக்கா அலமாரியிலிருந்து நல்ல சேலையாக எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்ததெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை.

மறுநாள்தான் கண்காட்சி. முதல் பஸ்ஸிலேயே போய் ஹாலில் இறங்கினாள். விஷயத்தைக் கேட்ட ஜாஸ்பின் டீச்சர் முகம் வாடிப்போனது.

"பிழைப்பு சம்பந்தப்பட்டது, நான் என்னம்மா சொல்ல? கழட்டுறதுன்னா கழட்டிரு. அந்த இடம் சும்மா கிடக்கட்டும்."

கழற்றத்தான் போனாள். படத்துக்குக் கீழே 'மாரிசெல்வி, தாயில்பட்டி' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் கை வரவில்லை. அக்கா வேலையும் போகக் கூடாது, தன் பேரும் சுவரில் இருக்க வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பையைத் திறந்து வெள்ளைப் பெயிண்டை எடுத்தாள்.

முதலில் அக்காவை அழித்தாள். அக்கா முகம் அங்கே இல்லாமலிருப்பதுதான் அக்காவுக்கு நல்லது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்து குருவம்மாள், முன்னால் இருக்கிறவள், முதலில் கண்ணில் படுகிறவள். அந்தச் சிரிப்பின் மேல் வெள்ளையை இழுக்கும்போது இரண்டு முறை பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பிறகு வைக்கவே இல்லை, அதுதான் கொடுமை. சுவருக்கு வெள்ளையடிக்கிறவள் மாதிரி மளமளவென்று மற்ற ஐந்து பேரையும் மூடினாள். கடைசியில் படத்தில் காற்றோட்டமான ஒரு ரூம், அதில் சட்டப்படி நாலு பெண்கள். பார்க்க வந்த ஒருவர், "அடடா, எவ்வளவு அமைதியா இருக்கு!" என்று பாராட்டிவிட்டுப் போனார். மாரிக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

உச்சி வெயிலில் ஹால் வாசலில் ஒரே சிரிப்புச் சத்தம். மாரி எட்டிப் பார்த்தாள். பதினோரு பேரும் வந்திருந்தார்கள். நல்ல சேலை, தலை நிறையப் பூ, முகத்தில் அலுமினியத்துக்குப் பதிலாக வாசனைப் பவுடர். முன்னால் பாண்டிச்செல்வி.

"சொன்னா நீ கூச்சப்படுவ, வேணாம்ப. அதான் சொல்லாம வந்துட்டோம்" என்றாள்.

"அக்கா, கொஞ்சம் நில்லு..."

யார் நிற்கிறார்கள்? குருவம்மாள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே படத்தின் முன்னால் போய் நின்றாள். "எங்க, எம் மூஞ்சி எங்கன இருக்கு?" அழியாத நாலு பேரும் தங்களைக் கண்டுபிடித்துக் கூவினார்கள். மற்றவர்கள் தேடினார்கள். பாண்டிச்செல்வி படத்தின் ஓரத்தை நகர்த்தி, பின்னாலும் எட்டிப் பார்த்தாள்.

"போன்ல இருந்தேனே புள்ள? வாயத் தொறந்துக்கிட்டு, முன்னாடியே இருந்தேனே!" குருவம்மாள் வெள்ளையைத் தொட்டாள். இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. விரலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்குள்ளயா இருக்கேன்?"

மாரி எல்லாவற்றையும் சொன்னாள். போர்மேன் வந்ததைச் சொன்னாள். கழற்றியிருக்கலாம், பேர் ஆசையில் கழற்றவில்லை என்பதையும் அழுதுகொண்டே சொன்னாள். குருவம்மாள் விரலில் ஒட்டிய வெள்ளையைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் பாண்டிச்செல்விதான், "விடுங்க, நம்ம சோத்துக்காகத்தான செஞ்சிருக்கா" என்றாள். சொன்னாளே தவிர, அவள் கண் வெள்ளையை விட்டு நகரவில்லை.

குருவம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். படத்தில் தான் இருந்த இடத்துக்கு நேர் கீழே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏ, வாங்கடி. அவ அழிச்சா நாம இல்லாமப் போயிருவமா? அவங்கவங்க எடத்துல உக்காருங்க."

அழிந்தவர்களில் ஐந்து பேர் சிரித்தபடி வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மேலே படத்தில் நாலு பேர், கீழே தரையில் ஆறு பேர். கை சும்மா இருக்குமா? ஒருத்தி விளையாட்டுக்கு மருந்து அடைக்கிற மாதிரி கையை ஆட்ட, எல்லாக் கையும் ஆட ஆரம்பித்தது. ஹாலில் இருந்தவர்கள் வந்து கூடிவிட்டார்கள். "நிகழ்ச்சி ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சா?" என்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். போன்கள் மேலே எழும்பின.

"ஐயையோ, போட்டா எடுக்காதீக!" என்று பாண்டிச்செல்வி அலறினாள். மாரி ஓடிப் போய்க் கையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

குருவம்மாள் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தாள். "நகரு புள்ள. மறைக்காத."

"சித்தி, வேல போயிரும்."

"போகும். தெரியாமயா உக்காந்திருக்கேன்? எங்க மதினி வேற ஒரு கம்பெனியில வெடிச்சுச் செத்தா. ரூம்ல இருந்தது நாலே நாலு பேருதான்னு கம்பெனிக்காரன் ஒத்தக் கால்ல நின்னான். எங்க மதினி அஞ்சாவது ஆளு. அவ அங்கன இருந்தான்னு சொல்லிச் சொல்லியே எங்க அண்ணன் இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு ஆபீஸ் படியா ஏறுதான். எடுக்கட்டும். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, குருவம்மாளும் அங்கன இருந்தான்னு காட்ட ஒரு படமாச்சும் இருக்கட்டும்."

மாரியின் கைகள் தாமாகக் கீழே இறங்கின. பாண்டிச்செல்வி தங்கையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போய்க் குருவம்மாள் தோளோரம் உட்கார்ந்தாள்.

மாரி பையைக் கவிழ்த்துச் சாம்பல் நிறத்தையும் வெள்ளி நிறத்தையும் தேடி எடுத்தாள். அழித்த இடத்தின் முன்னால் மண்டி போட்டாள்.

"சித்தி, இங்கன பாருங்க. அன்னைக்குச் சிரிச்ச மாதிரி ஒருக்காச் சிரிங்க."

குருவம்மாள் முயன்று பார்த்தாள். உதடு கோணியது, கண் நிறைந்துவிட்டது.

"இப்பச் சிரிப்பு வரலயே புள்ள. இப்படியே வரைஞ்சிரு."

மாரி அப்படியே வரைந்தாள்.