கொத்தனார் வீட்டு வரி

வீட்டு வரி ஒரேயடியாக இரண்டு மடங்காக ஏறி வந்திருந்தது. கொத்தனாரின் மனைவி தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தவணை கேட்கத்தான் போனாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர், "வீடு யார் பேர்ல இருக்கு?" என்றார்.

"அவர் பேர்லதாங்க. அவருக்கு நாலு வருஷமா கண்ணு தெரியாது. அதான் கட்ட முடியலை."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "பார்வை இல்லாதவங்க சொந்த வீட்டுல குடியிருந்தா பாதி வரிதாம்மா. இத்தனை நாளா ஏன் கேட்கலை?"

"இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதுங்களே."

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். மருத்துவர் சான்று, பத்திர நகல் இரண்டையும் இணைக்க வேண்டும். ஆய்வாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

ஆய்வாளர் வருகிற நாளில் கணவனிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பின்னறையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க. அது அவங்க கணக்குல இல்லை."

ஆய்வாளர் ஒரு பெண். அளவுநாடாவை விரித்து முன்னறையை அளந்து குறித்துக்கொண்டாள். சமையலறைக்குப் போனபோது, அவள் நாடாவைப் படிப்பதற்கு முன்பே கொத்தனார், "ஒன்பதே கால் அடி," என்றார். சரியாக இருந்தது. அந்த உற்சாகத்தில் அவரே தொடர்ந்தார். "பின்னாடி ஒரு ரூம் இருக்கு மேடம். அதையும் எழுதிக்குங்க."

மனைவியின் முகம் சுண்டிப்போனது.

"எப்போ கட்டினது?"

"போன வருஷம். நான்தான் கட்டினேன்."

ஆய்வாளர் பேனாவை மூடினாள். "ஐயா, கண்ணு தெரியாதுன்னு சான்று குடுத்திருக்கீங்க. போன வருஷம் சுவர் வச்சேன்னும் சொல்றீங்க. ரெண்டுல எதை நான் எழுதறது?"

"ஆள் வச்சுக் கட்டினதுங்க," என்றாள் மனைவி அவசரமாக. "இவர் சும்மா சொல்றார்."

"ஏன் இல்லாததைச் சொல்றே?" என்றார் கொத்தனார். "மேடம், ஒரு பத்து நிமிஷம் இருங்க."

கொல்லையில் குழாயைச் சுற்றி அரைகுறையாக ஒரு சுவர் நின்றது. அவர் கலவையைக் குழைத்து, இடது கட்டைவிரலைக் கீழ்வரிசைக் கற்களின் விளிம்பில் ஓட்டியபடியே செங்கல்லை வைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு கல்லையும் முதலில் கொத்துக்கரண்டியின் பிடியால் தட்டிக் காது கொடுத்தார். ஒன்றைத் தட்டியதும், "இது ஆகாது," என்று ஒதுக்கினார். ஆய்வாளர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். ஒரு கீறலும் தெரியவில்லை. தரையில் லேசாகத் தட்டினாள்; இரண்டாகப் பிளந்தது.

மாலை வெயில் நேராக அவர் கண்ணுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. கண் கூசவில்லை. கை மட்டும் போய் வந்தது.

ஒரு வரிசை முடிந்ததும் அவரே ரசமட்டத்தை எடுத்துக் கொடுத்தார். ஆய்வாளர் கல்லின்மேல் வைத்தாள். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. அவள் பின்னறைக்குள் போய், சுவரில் உள்ளங்கையை வைத்து மூலைவரை நடந்தாள்.

"முன்னறைச் சுவர்தான் மேடம் ஒரு நூல் சாய்ஞ்சிருக்கும்," என்றார் கொத்தனார் வாசலில் நின்று. "அது கண்ணு இருந்தப்போ கட்டினது."

ஆய்வாளர் சிரித்துவிட்டாள். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இன்னும் குழாயடியிலேயே நின்றிருந்தாள். பின்னறை கட்டும்போதும் சரி, இப்போதும் சரி, தினமும் வேலை முடிந்து வந்து, சுவர் நேற்றைவிட உயர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். உயரும்போது ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ கைகொடுக்கிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மூன்று வாரத்தில் புது ரசீது வந்தது. பின்னறையையும் சேர்த்திருந்தார்கள். அப்படியும் போன ரசீதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. அவள் தொகையை இரண்டு முறை படித்துக் காட்டினாள். "பின்னறை அளவு சரியா போட்டிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார் அவர்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் எங்கும் போகவில்லை. குழாயடிச் சுவர் முடிகிறவரை அவர் எதிரே உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.