ரோஷன் பீவி ஏறினால் எட்டு லிட்டர்

இடது கால் விளங்காத கமருஸ்ஸமானுக்கென்றே செய்ததுபோல இருந்தது, கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத அந்தச் சின்னக் கார். நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர்தான் குடிக்கும் என்று சொல்லி விற்றுவிட்டுக் கப்பலேறினார் அதை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர். தனியாக ஓட்டினால் அப்படித்தான். மனைவி ரோஷன் பீவியை ஏற்றிக்கொண்டு சுற்றிய வாரம் டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தால் எட்டு.

“நீ ஏறுனாதான் பெட்ரோலு பறக்குது. அவ்ளோ கனமா நீ?” என்று எரிந்து விழுந்தார்.

“கனமெல்லாம் இல்லீங்க. நான் பக்கத்துல இருந்தா ஒரு மாட்டு வண்டியக்கூட முந்த மாட்டேங்கிறீங்க. ஊர்ந்துகிட்டே போனா குடிக்காதா?”



மறு வெள்ளி, ரோஷன் பீவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நோணாங்குப்பம் சாலையில் முன்னால் போன வைக்கோல் வண்டி ஒதுங்கி வழிவிட்டது. கமருஸ்ஸமான் கையை வெளியே நீட்டி, நீயே முன்னால் போ என்று வண்டிக்காரனுக்குச் சைகை காட்டினார்.