பூச்சாடிக்குப் போன ஒயின்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளைப் பெண் கேட்டு வரப்போகிறவர் சின்னதாகத் திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் செய்கிறவர். அவருடைய சிவப்பு ஒயின் போகிற போட்டியிலெல்லாம் பரிசு வாங்குகிறதாம். மகளோ, "இவர்தான். இல்லன்னா யாரும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அப்பா போட்டி நடுவர்களின் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"கவனமாக் கேளு. சுழட்டணும், மோந்து பாக்கணும், வாயில வச்சுப் புரட்டணும், துப்பிடணும்."

"துப்பறதுக்கா ஒருத்தர் அவ்வளவு தூரத்துலேருந்து தூக்கிட்டு வர்றாரு?"

"முழுங்கினா விவரமில்லாத குடும்பம்னு நினைப்பாங்க. வீடியோல ஒருத்தர்கூட முழுங்கல."

துப்புவதற்கு, தன் கல்யாணத்துக்கு நாத்தனார் கொடுத்த பூச்சாடியை அம்மா எடுத்து வைத்தாள். அதற்கு இப்படி ஒரு உபயோகம் கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

சாயங்காலம் அவர் வந்தார். வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாற்று ஆள் வராததால் மகள் இன்னும் வந்து சேரவில்லை.

"அந்த வருஷத்து ஒயின்ல இதுதான் கடைசி பாட்டில், ஆன்ட்டி" என்று ஒரு குழந்தையை இறக்கி வைப்பதுபோல் மேஜைமேல் வைத்தார்.

அப்பா சுழற்றினார். மோந்து பார்க்கிறேன் என்று மூக்குக்கண்ணாடியையும் சேர்த்து முக்கினார். வாயில் வைத்துப் புரட்டி, பூச்சாடியில் குறி பிசகாமல் துப்பினார்.

வந்தவர் முகம் சுருங்கியது.

அம்மா ஒரு வாய் வைத்தாள். கனிந்த பழமும், முதல் மழை விழுந்த மண்ணும், யாரோ பக்கத்தில் பென்சில் சீவுவதுபோல ஒரு வாசமும். தொண்டை கெஞ்சியது. மகளை நினைத்துக்கொண்டு துப்பினாள்.

"பிடிக்கலையா ஆன்ட்டி?"

"ரொம்பப் பிரமாதம் தம்பி" என்று சொல்லிவிட்டு இன்னொரு வாய் வைத்துத் துப்பினாள்.

அவர் கொஞ்ச நேரம் பூச்சாடியையே பார்த்தார். பிறகு அவரும் ஒரு வாய் வைத்து அதில் துப்பினார். 'பாத்தியா' என்று அப்பா அம்மாவைப் பெருமையாகப் பார்த்தார்.

இப்படியே பாட்டில் அடிமட்டத்துக்கு வந்தது. கடைசி வாயை அப்பா கன்னம் புடைக்க வைத்துக்கொண்டிருந்தபோது, வந்தவர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டார்.

"அங்கிள், உங்க பொண்ணைக் கட்டிக்கணும்னு ஆசைப்படறேன். உங்களுக்குச் சம்மதமா?"

சரியாக அந்த நேரத்தில் மகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

அப்பாவின் கை பழக்கதோஷத்தில் பூச்சாடிக்கு நீண்டது. பெண் கேட்டவருக்குத் துப்புவதா பதில்? அம்மா பாய்ந்து பூச்சாடியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"முழுங்குங்க."

அப்பா முடியாது என்று பலமாகத் தலையாட்டினார். வந்தவர் முகம் செத்துவிட்டது.

"ஐயோ, தம்பி, அது உங்களுக்கு இல்ல. என்னங்க, தலையை ஆட்டாம முழுங்குங்க."

கண் பிதுங்க, மடக்கென்று ஒரு சத்தம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

"இவளே," என்றார் மெதுவாக, "இது இவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சம்மதம் தம்பி, முழுச் சம்மதம். முழுங்கினதுக்கு மட்டும் மன்னிச்சுக்கணும்."

"முழுங்கறதுக்குத்தானே அங்கிள் செஞ்சேன்" என்றார் அவர், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல். "நாள் பூரா நூறு ஒயின் பாக்கற நடுவர்தான் துப்புவாங்க. நீங்க துப்பத் துப்ப, பொண்ணு கிடையாதுன்னே முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப நீங்க எதுக்குத் துப்பினீங்க?"

"உங்க வீட்டு வழக்கமாக்கும்னு, ஒரு மரியாதைக்கு."

மகள் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். "எனக்கு ஒரு சொட்டுகூட வைக்கலையா?"

அப்பாவின் பார்வை அம்மாவின் கையிலிருந்த பூச்சாடிமேல் ஏக்கமாகப் போய் நின்றது.

"வேணாங்க" என்று அம்மா அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.